கோழி, தேனீ, அரக்கு, இறால்: எல்லாவற்றுக்கும் ‘ப்ரூட்’ என்கிறார்களே, அதன் பொருள் என்ன? மனிதர்களுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். பி, ஆர், இரண்டு ஓ, டி என்ற எழுத்துகள் சேர்ந்த ‘ப்ரூட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்த சொல் எது?

அ. லிட்டர்
ஆ. கிளட்ச்
இ. ஆஃப்ஸ்பிரிங்
ஈ. பாண்டர்

வங்கித் தேர்வுக்கோ எஸ்எஸ்சி தேர்வுக்கோ படிப்பவராக இருந்தால், இந்த மாதிரிக் கேள்வி உங்களுக்குப் பழகியிருக்கும். இதில் என்ன சிக்கல் என்றால், நான்குமே ஓரளவு சரி. நான்குமே ஓரளவு தப்பு.

தேர்வோடு முடிகிற விஷயமும் இல்லை இது. கோழிப் பண்ணை, தேனீ வளர்ப்பு, இறால் ஏற்றுமதி, காட்டுயிர், சினிமா விமர்சனம், தேர்தல் பேச்சு என்று ஆங்கிலச் செய்திகளில் பல இடங்களில் இந்தச் சொல் வருகிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் பல நேரம் ‘குஞ்சுகள்’ என்று வந்து நிற்கும்.

நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஜார்க்கண்ட் விவசாயம் பற்றிய ஓர் அட்டவணையைத் தமிழில் போடும்போது ‘ப்ரூட் லாக்’ என்பதை ‘அரக்குக் குஞ்சு’ என்று எழுதிவைத்தேன். சக ஊழியர் ஒருவர் பார்த்துச் சிரித்ததால்தான் அது வெளியே போகவில்லை. அது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

‘ப்ரூட்’ என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன?

பெயர்ச்சொல்லாக வந்தால், ஒரே நேரத்தில் பொரிந்து, ஒன்றாக வளர்கிற குஞ்சுகளின் கூட்டம். வினைச்சொல்லாக வந்தால், அடைகாப்பது. அதாவது, குஞ்சுக்கும் அந்தக் குஞ்சை உருவாக்கும் வேலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.

வெப்பம், கொதிப்பு என்று பொருள்படும் ஒரு பழைய வேரிலிருந்து இந்தச் சொல் வந்ததாகச் சொற்பிறப்பியல் அகராதிகள் சொல்கின்றன. இனப்பெருக்கத்தைக் குறிக்கும் ‘ப்ரீட்’ என்ற சொல்லும் இதற்கு உறவுதான். சூட்டினால் உண்டானது என்பதே இதன் உட்பொருள்.

தமிழருக்கு இது புதிதாக இருக்காது. அப்பளத்தையும் பொரிக்கிறோம், கோழியும் குஞ்சு பொரிக்கிறது. இரண்டு இடத்திலும் சூடுதான் வேலை செய்கிறது. இரண்டுக்குமே இடையின ‘ரி’தான். ஹோட்டல் பலகையில் ‘பொறித்த மீன்’ என்று வல்லின ‘றி’ போட்டிருந்தால் அது எழுத்துப்பிழை.

அப்படியானால் ‘பாண்டர்’ எப்படி ஒத்த சொல்லானது?

அடைக்கோழியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இறக்கையை உப்பிக்கொண்டு, தீனிக்குக்கூட எழாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். கிட்டப் போனால் சீறும். ஒரு மனக்குறையை இப்படி விடாமல் சூடாக வைத்திருக்கும் ஆளையும் ஆங்கிலத்தில் ‘ப்ரூட்’ செய்கிறார் என்பார்கள்.

‘பாண்டர்’ என்றால் நிதானமாக யோசிப்பது. அதில் வருத்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ‘ப்ரூட்’ செய்வதில் வருத்தமோ கோபமோ கட்டாயம் இருக்கும். இந்தப் பொருளில் வரும்போது அதன் பின்னால் பெரும்பாலும் ‘ஓவர்’, ‘ஆன்’, ‘அபவுட்’ என்ற சொற்களில் ஒன்று ஒட்டிக்கொள்ளும். தேர்வில் இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

தமிழில் சொல்வதென்றால் ‘சிந்தனையில் ஆழ்ந்தார்’ என்பது பொருந்தாது. ‘மனம் புழுங்கினார்’, ‘உள்ளுக்குள்ளேயே குமைந்தார்’ என்பவை பொருந்தும். புழுங்குவதிலும் குமைவதிலும் வெக்கை இருக்கிறது, கவனியுங்கள். சினிமா விமர்சனங்களில் வரும் ‘ப்ரூடிங் ஹீரோ’ இந்த ரகம்தான். மனசுக்குள் எதையோ போட்டு அடைகாத்துக்கொண்டு, படம் முழுக்கச் சிரிக்காமல் வருகிற ஆள்.

லிட்டர், கிளட்ச், ஸ்பான், இஷ்யூ: இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

- கிளட்ச்: ஒரு பறவையோ ஊர்வனவோ ஒரு தடவை இடும் முட்டைகள். பொரிந்த குஞ்சுகளையும் சில நேரம் இப்படிச் சொல்வார்கள். வண்டியில் மிதிக்கும் கிளட்ச் வேறு.

- லிட்டர்: ஒரே ஈத்தில் பிறந்த குட்டிகள். நாய், பூனை, பன்றிக்குச் சொல்லலாம். கோழிக்குச் சொல்லக் கூடாது. ஆனால் கோழிப்பண்ணையில் ‘லிட்டர்’ என்ற சொல் காதில் விழும். அது தரையில் பரப்பும் உமி, மரத்தூள் போன்ற கூளம். ‘டீப் லிட்டர்’ என்றால் ஆழ்கூள முறை.

- ஸ்பான்: நீரில் மொத்தமாக இடப்படும் மீன், தவளை முட்டைகள். மீன் பண்ணைத் தொழிலில் பொரிந்த உடனே இருக்கும் நுண்ணிய குஞ்சுக்கு ஸ்பான், கொஞ்சம் வளர்ந்தால் ஃப்ரை, விரல் அளவு வந்தால் ஃபிங்கர்லிங். காளான் வளர்ப்பில் ஸ்பான் என்றால் காளான் விதை.

- ஆஃப்ஸ்பிரிங், புரொஜெனி: யாருக்குப் பிறந்தது என்பதை மட்டும் சொல்லும் சொற்கள். எத்தனை, எப்போது என்பது இவற்றில் இல்லை. ஒரு காளையின் தரத்தை அதன் பெண் கன்றுகள் வளர்ந்து தரும் பாலை வைத்துக் கணக்கிடுவதற்குப் பெயர் ‘புரொஜெனி டெஸ்டிங்’.

- இஷ்யூ: சட்டத்தில் வாரிசு. இந்தியத் திருமண விளம்பரங்களில் ‘இஷ்யூலெஸ் டைவர்சி’ என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை இல்லாத, விவாகரத்தானவர் என்று பொருள். ‘பிரச்சினை இல்லாதவர்’ என்று புரிந்துகொண்டால் கதையே மாறிவிடும்.

‘ப்ரூட்’, ‘ஆஃப்ஸ்பிரிங்’ இரண்டும் ஒன்றில்லையா?

இல்லை. இதற்கு நம்ம ஊர்க் குயிலே சாட்சி.

குயில் கூடு கட்டாது. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காக்கை அதையும் தன் முட்டைகளோடு சேர்த்து அடைகாக்கும். பல நேரம் குயில் குஞ்சுதான் முதலில் பொரிந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். காக்கை இரை ஊட்டும்.

இந்தக் குயில் குஞ்சு காக்கையின் ஆஃப்ஸ்பிரிங் கிடையாது. ஆனால் காக்கையின் ப்ரூட்டில் அதுவும் ஒன்று. இப்படி வாழும் உயிரினங்களை ஆங்கிலத்தில் ‘ப்ரூட் பாரசைட்’ என்கிறார்கள். அடுத்தவர் அடைகாப்பில் பிழைப்பவை என்று புரிந்துகொள்ளலாம்.

பெற்றது யார் என்பதைச் சொல்வது ஆஃப்ஸ்பிரிங். யாருடைய சூட்டில், யாருடைய பராமரிப்பில் சேர்ந்து வளர்கின்றன என்பதைச் சொல்வது ப்ரூட். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இந்த வேலை அம்மாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் குளங்களில் மிதக்கும் இலைகள் மேல் நடந்து திரியும் தாமரைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பறவை முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் அப்பாதான்.

ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கடற்கரைகளில் லட்சக்கணக்கில் வந்து முட்டையிடும் ஆலிவ் ரிட்லி ஆமைகளோ நேரெதிர். ஒரு குழியில் சுமார் 100 முட்டைகள். தாய் மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். சுமார் 45 முதல் 60 நாள் வரை சூடு கொடுப்பது வெயில் பட்ட மணல். அந்த மணல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். இங்கே ‘கிளட்ச்’ என்று சொல்வதே சரி, ‘ப்ரூட்’ அவ்வளவாகப் பொருந்தாது. அடைகாக்க ஆளே இல்லையே!

கோழிப்பண்ணையில் ‘ப்ரூடர்’ என்பது எது?

நாட்டுக்கோழி ஒரு சுற்று முட்டையிட்டதும் நிறுத்திவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அதன் பிறகு குஞ்சுகளோடு சில வாரம். அந்தக் காலத்தில் முட்டை கிடையாது.

முட்டைத் தொழிலுக்கு இது நஷ்டம். அதனால் அடையில் உட்காரும் குணம் குறைந்த கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். இன்று முட்டைப் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் ஆண்டுக்குச் சுமார் 300 முட்டை வரை இடும். அடைக்கு உட்காருவது அபூர்வம்.

தாய் விட்ட வேலையை இயந்திரம் செய்கிறது. பொரிப்பகத்தில் முட்டைகள் முதல் 18 நாள் ஒரு பெட்டியில், கடைசி 3 நாள் இன்னொரு பெட்டியில் இருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ். பொரிந்த குஞ்சுகள் போகும் சூடூட்டப்பட்ட இடமே ப்ரூடர். பல்போ கேஸ் அடுப்போ எரியும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி, பிறகு வாரம் சுமார் 3 டிகிரி என்று குறைத்துக்கொண்டே வருவார்கள். தாயின் இறக்கைக்குள் இருந்து குஞ்சு மெல்ல மெல்ல வெளியே வருவதற்கு இது ஈடு.

இந்த ஏற்பாட்டில் தாய்க்கு மட்டுமல்ல, முட்டையிடாத ஆண் குஞ்சுக்கும் இடமில்லை. முட்டைக்கோழி இனத்தில் ஆண் குஞ்சுகளைப் பொரிந்த அன்றே பிரித்துக் கொன்றுவிடுவது உலகெங்கும் இத்தொழிலின் வழக்கம். ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து சட்டம் போட்டு இதைத் தடுத்தது.

மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2023-24இல் இந்தியாவின் முட்டை உற்பத்தி 14,277 கோடி. தலைக்கு ஆண்டுக்கு 103 முட்டை. இவ்வளவும் சாத்தியமானதற்கு, ‘ப்ரூட்’ என்ற வினைச்சொல்லைக் கோழியிடமிருந்து பிரித்தெடுத்ததும் ஒரு காரணம்.

தேனீ, அரக்கு, இறாலில் இதே சொல் என்ன பொருள் தருகிறது?

தேனீ: அடையில் இருக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றுக்கும் சேர்த்துப் பெயர் ‘ப்ரூட்’. முட்டையிடுவது ராணி. புழுக்களுக்கு ஊட்டுவதும், அந்தப் பகுதியை 34, 35 டிகிரியில் வைத்திருப்பதும் வேலைக்காரத் தேனீக்கள், அதாவது அக்காமார். இத்தாலியத் தேனீயில் ஒரு வேலைக்காரத் தேனீ முழுதாக வெளிவர 21 நாள் ஆகும். கோழிக்கும் அதே 21. பெட்டியின் கீழ்த்தட்டு ‘ப்ரூட் சேம்பர்’, அதாவது புழு வளரும் அறை. தேன் எடுப்பது மேல்தட்டில் இருந்துதான்.

அரக்கு: இதில்தான் நான் வழுக்கியது. வளையல், முத்திரை அரக்கு, மாத்திரைகளின் மேல்பூச்சு வரைக்கும் பயன்படும் அரக்கு ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது கை கொடுக்கும் வருமானம். ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924இலேயே இதற்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது.

குஞ்சுகள் வெளிவரத் தயாராக இருக்கும் அரக்குப் படிந்த குச்சியே ‘ப்ரூட் லாக்’. அதை வெட்டி, புரசு, இலந்தை, குசும் மரக் கிளைகளில் கட்டிவிடுவார்கள். இளம்பூச்சிகள் ஊர்ந்து போய்ப் புதுக் கிளையில் ஒட்டிக்கொள்ளும். சில வாரங்களில் வெறும் குச்சியை அவிழ்த்துவிடுவார்கள், அதற்குப் பெயர் ‘புங்கி’. ஆக, விவசாயி கண்ணில் ப்ரூட் லாக் என்பது குஞ்சு அல்ல, விதை. ‘விதை அரக்கு’ என்பதே சரியான தமிழ்.

இதில் பெரிய கவலை ஒன்று உண்டு. கைக்குக் காசு வேண்டும் என்று, பூச்சி வெளிவருவதற்கு முன்பே அரக்கைச் சுரண்டி விற்றுவிட்டால், அந்த அரக்கை ‘அரி’ என்பார்கள், அடுத்த போகத்துக்கு விதை மிஞ்சாது. விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுவது மாதிரி. ‘அரக்குக் குஞ்சு’ என்று எழுதியிருந்தால் இந்தக் கவலை வாசகருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

இறால்: ‘ப்ரூட்ஸ்டாக்’ என்றால் குஞ்சு எடுப்பதற்காகவே வைத்திருக்கும் வளர்ந்த இறால்கள். தமிழில் ‘தாய் இறால்’ என்பது வழக்கம். ஆனால் ஆண் இறாலும் அதில் அடக்கம். வன்னமெய் போன்ற இறால்கள் அடைகாப்பதே இல்லை, தண்ணீரில் முட்டையை விட்டுவிடும். இங்கே ‘ப்ரூட்’ என்பதில் வெப்பமும் இல்லை, குஞ்சும் இல்லை. இனம் பெருக்க வைத்திருப்பவை என்ற பொருள் மட்டும் மிச்சம்.

இந்தியாவில் வன்னமெய் இறால் வளர்ப்பு 2009இல் அனுமதிக்கப்பட்டது. நோயற்ற தாய் இறால்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. வந்ததும் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் இருந்து, சோதனை முடிந்த பிறகே பொரிப்பகங்களுக்குப் போகும். 2023-24இல் உறைந்த இறால் ஏற்றுமதி மதிப்பு சுமார் ரூ.40,013 கோடி. ‘ப்ரூட்ஸ்டாக் தட்டுப்பாடு’ என்ற தலைப்பை ‘குஞ்சு தட்டுப்பாடு’ என்று மொழிபெயர்த்தால் பண்ணையாளர் குழம்பிப்போவார். குஞ்சு கிடைக்காதது ஒரு பிரச்சினை, குஞ்சு எடுக்கத் தாயே இல்லாதது வேறு பிரச்சினை.

மனிதக் குழந்தைகளுக்கு ‘ப்ரூட்’ என்று சொல்லலாமா?

சொல்கிறார்கள். ஆனால் யார், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

‘என் ப்ரூட்டைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்’ என்று ஓர் அம்மா சொன்னால் அது செல்லம். நம் வீட்டில் ‘என் வானரப் படை’ என்பது மாதிரி. அடுத்தவர் குழந்தைகளை அப்படிச் சொன்னால் பெரும்பாலும் ஏளனம். ‘இத்தனை பெத்து வெச்சிருக்காங்களே’ என்ற எரிச்சல் அதில் ஒலிக்கும். ‘ஸ்பான்’ இன்னும் மோசம், அது வசை. ‘ப்ரீட்’ என்ற வினைச்சொல்லை மனிதர்களுக்குப் போட்டால், அவர்களைக் கால்நடையோடு சேர்த்துவிட்டதாகவே அர்த்தம்.

தமிழிலும் இது உண்டு. ஆட்டுக்குக் குட்டி, மாட்டுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு என்று நாம் பிரித்துத்தான் பேசுகிறோம். இளமைப் பெயர்கள் எவை எவற்றுக்குப் பொருந்தும் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பட்டியலே போடுகிறது. ‘பிள்ளை’ என்பதைக் கிளி, அணில், கீரி, ஏன் தென்னங்கன்றுக்குக்கூடக் கொடுத்திருக்கிறோம். கிளிப்பிள்ளை என்றால் கிளி நமக்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஒரு பெண்ணைப் பார்த்து ‘குட்டி போட்டுக்கிட்டே இருக்கா’ என்றால், அவளை மனிதர்களிடமிருந்து தள்ளிவைக்கிறோம்.

இந்த மாதிரிப் பேச்சு தெருச் சண்டையோடு நிற்பதில்லை. குறிப்பிட்ட மாநிலத்தவர், குறிப்பிட்ட மதத்தவர் ‘பெற்றுத் தள்ளுகிறார்கள்’ என்பது தேர்தல் மேடை வரைக்கும் வரும். அங்கே சொல்லோடு சேர்த்து எண்ணையும் சோதிக்க வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி 1992-93இல் 3.4. அது 2019-21இல் 2.0 ஆகிவிட்டது. மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிலைக்கத் தேவையான அளவாகக் கருதப்படுவது 2.1. அதற்கும் கீழே வந்துவிட்டோம்.

மதவாரியாகப் பார்த்தால், இதே காலத்தில் இந்துக்களிடம் 3.30இலிருந்து 1.94 ஆகவும், முஸ்லிம்களிடம் 4.41இலிருந்து 2.36 ஆகவும் குறைந்திருக்கிறது. இடைவெளி 1.11ஆக இருந்தது, 0.42 ஆகியிருக்கிறது. விகிதத்தில் கணக்கிட்டால் சரிவு இந்துக்களிடம் சுமார் 41 சதவீதம், முஸ்லிம்களிடம் சுமார் 46 சதவீதம். வித்தியாசம் இன்னும் இருக்கிறது, அது வேகமாகச் சுருங்குகிறது. இரண்டுமே உண்மை.

மாநிலத்துக்கு மாநிலம் இருக்கும் வித்தியாசம் இதைவிடப் பெரிது. பிகாரில் 3.0, சிக்கிமில் 1.1, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1.8. படிப்பும் எண்ணை மாற்றுகிறது. பள்ளிக்கே போகாத பெண்களிடம் 2.8, 12 ஆண்டோ அதற்கு மேலோ படித்தவர்களிடம் 1.8.

ஒரு கூட்டத்தையே ‘ப்ரூட்’ என்று சொல்லிவிட்டால் இந்த விவரம் எதுவும் தேவைப்படாது. எந்த மாவட்டத்தில் பெண்கள் பள்ளியை விட்டு நிற்கிறார்கள், எங்கே கருத்தடை வசதி எட்டவில்லை என்ற கேள்விகளும் எழாது.

சரி, இனி எப்படிப் பயன்படுத்துவது?

- பறவை என்றால்: முட்டையாக இருக்கும்போது கிளட்ச், பொரிந்து ஒன்றாக வளரும்போது ப்ரூட். தமிழில் ‘ஒரே அடையில் பொரிந்த குஞ்சுகள்’.

- தேனீ என்றால் புழு வளரும் அடை; அரக்கு என்றால் விதை அரக்கு; இறால், மீன் என்றால் இனப்பெருக்கத்துக்கான தாய் இறால், தாய் மீன்.

- மனம் என்றால் புழுங்குதல், குமைதல்.

- சொந்தக் குழந்தைகளைப் பற்றி விளையாட்டாகச் சொன்னால் விளையாட்டாகவே மொழிபெயர்க்கலாம். ‘பட்டாளம்’ பொருந்தும்.

- ஒருவர் அடுத்தவர் குழந்தைகளை இழிவாகச் சொல்லியிருந்தால், மேற்கோளுக்குள் ‘குழந்தைகள்’ என்று மென்மையாக்க வேண்டாம். அவர் சொன்ன இழிவு வாசகருக்குத் தெரியட்டும். மேற்கோளுக்கு வெளியே, நம் வாக்கியத்தில், அவர்கள் குழந்தைகள் மட்டுமே.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். வாக்கியம் எதுவும் தராமல் கேட்டால், இருக்கிற நான்கில் ‘ஆஃப்ஸ்பிரிங்’கைத் தேர்ந்தெடுங்கள்; பெயர்ச்சொல்லாகப் பல இடங்களில் பொருந்துவது அதுதான். வாக்கியம் தந்து, அதில் ‘ஓவர்’ ஒட்டியிருந்தால் ‘பாண்டர்’. காக்கைக் கூட்டையும் குயிலையும் பற்றிய வாக்கியமாக இருந்தால் மட்டும் ‘ஆஃப்ஸ்பிரிங்’ மேல் டிக் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.